போன் செத்துப்போச்சுன்னு யார் சொன்னா?

"டீச்சர்இந்தகணக்குபுரியலஇன்னொருக்காசொல்லுங்க"

எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வரும் ஒரு தங்கச்சி, பௌதிகவியல் டீச்சருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி இது. ஏ.எல். படிக்கிறாள். "முதல்ல தமிழை ஒழுங்கா எழுதப் பழகு" என்று டீச்சர் பதில் போட்டிருந்தார். அவளுக்குத் தமிழ் ஒழுங்காகவே தெரியும். போனின் அடியில் ரெண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு டச் செத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். கீபோர்ட்டின் கடைசி வரிசை அந்தப் பட்டைக்குள்ளே மாட்டிக்கொண்டது. ஸ்பேஸ் இல்லை, புள்ளி இல்லை, என்டர் இல்லை. அதற்கும் கீழே, பின்னாடி போகிற பட்டனும் இல்லை. படமெல்லாம் பளிச்சென்று தெரியும். தொட்டால்தான் ஒன்றும் நடக்காது.

அது அவளுடைய அக்காவின் போன். அக்கா கொழும்பில் உடுப்புக் கடையொன்றில் நின்று வாங்கி, ரெண்டு வருசம் பாவிச்சு, பிறகு வீட்டுக்கு அனுப்பினது. லயத்துக்குள் சிக்னல் வராது. மேட்டில் இருக்கும் பாறைக்கு ஏறினால் வரும். அங்கேதான் அது கை தவறி விழுந்தது.

யட்டியாந்தோட்டை டவுனில் ஒரு கடையில் காட்டினோம். "நங்கி, டிஸ்ப்ளே எக்க மாரு கரன்ன ஓன" என்றார் கடைக்கார அண்ணன். டிஸ்ப்ளேயை மாத்தத்தான் வேணுமாம். பன்னிரண்டாயிரம் ரூபா. அவர் ஏமாத்தவில்லை, அவருக்குத் தெரிஞ்ச வைத்தியம் அதுதான். ஆனால் கணக்கைப் பாருங்க. 2024 செப்டம்பர் வர்த்தமானிப்படி அப்போ தோட்டத்து நாள் சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அந்தக் கணக்கில், றப்பர் மலையில் பால் வெட்டுற அம்மாவுக்கு இந்த டிஸ்ப்ளே ஒன்பது பேர். அதுவும் வெட்டு இருந்தால்தான். மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. எங்க பக்கம் மழை எப்படிப் பெய்யும்னு கித்துல்கலைக்குப் படகு விடப் போறவங்களுக்கே தெரியும்.

டிஸ்ப்ளே மாத்தவில்லை. ஒரு கேபிளையும் ஒரு பழைய லப்டொப்பையும் வைத்து, இஸ்தோப்பில் உட்கார்ந்து, ஒரு வரி கட்டளை அடித்தோம். போனின் திரை மேலேயும் கீழேயும் சுருங்கி நடுவில் வந்து நின்றது. கீபோர்ட் செத்த பட்டையைத் தாண்டி மேலே ஏறியது. ஸ்பேஸ் கைக்கு எட்டியது. செலவு ஒரு பிளேன்ரீக் காசுகூட இல்லை.

இதை நாங்கள் சாதனையாகச் சொல்ல வரவில்லை. எங்களுக்கு வந்தது கோபம். இந்தக் கட்டளை அந்தப் போனுக்குள்ளே ஆரம்பத்திலிருந்தே இருந்தது. யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர வேண்டியவங்களுக்கே தெரியாது. தெரிஞ்சவங்க, "இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு" என்கிறாங்க.

முதலில் விசயத்தைச் சொல்லிவிடுகிறோம், சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ரெசலூசன் என்பது (நம்ம பாடப் புத்தகத்தில் பிரிதிறன்) கண்ணாடியில் பொறித்த எழுத்து மாதிரி மாறாத ஒன்று என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். திரையில் இருக்கும் புள்ளிகளின் எண்ணிக்கை மாறாது, உண்மைதான். ஆனால் "என் திரை இவ்வளவு அகலம், இவ்வளவு உயரம்" என்று ஆண்ட்ராய்ட் தன் மனசுக்குள் வைத்திருக்கும் கணக்கு இருக்கே, அது வெறும் ரெண்டு இலக்கம். அதை மாத்தலாம். ரூட் எல்லாம் பண்ணத் தேவையில்லை. ஏடிபி என்று ஒரு சின்ன மென்பொருள், கூகுள் இலவசமாகவே தருகிறது. போனைக் கேபிளில் மாட்டி, கம்பியூட்டரின் கறுப்புத் திரையில் ஏடிபி, ஷெல், டபிள்யூஎம், சைஸ் என்ற நாலு சொல்லை ஆங்கிலச் சின்ன எழுத்தில் இடைவெளி விட்டு அடித்தால், போன் தன் அளவைச் சொல்லும். தங்கச்சியின் போன் 720எக்ஸ்1600 என்றது.

அதே நாலு சொல்லுக்குப் பின்னால் இன்னோர் இடைவெளி விட்டு 720எக்ஸ்1160 என்று அடித்தோம். அகலத்தில் கை வைக்கவில்லை. உயரத்தில் 440 புள்ளி குறைத்தோம். ஆண்ட்ராய்ட் மிச்சத் திரையை நடுவில் வைக்கும், ஆகவே மேலே 220 புள்ளியும் கீழே 220 புள்ளியும் கறுப்பு. அந்தத் திரையில் ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 106 புள்ளி. கீழே விட்ட 220 என்பது ரெண்டு சென்டிமீட்டரும் கொஞ்சமும். செத்த பட்டை சரியாக அதற்குள் அடங்கியது. தொடுகையும் புது அளவுக்கு ஏத்த மாதிரி தானாக நகர்ந்துகொள்ளும்.

திரையில் கால்வாசிக்கும் மேலே போய்விட்டதே என்று அவள் முகம் சுருங்கியது. அதற்கு இரண்டாவது கட்டளை. சைஸ் என்ற இடத்தில் டென்சிட்டி. எழுத்தும் படமும் எவ்வளவு பெரிசாக வர வேண்டும் என்பதை இது தீர்மானிக்கும். 320 இருந்ததை 280 ஆக்கினோம். எழுத்து எட்டில் ஒரு பங்கு சிறுத்தது, ஒரு பக்கத்தில் இன்னும் நாலைந்து வரி கூட ஏறியது. பாஸ்ட் பேப்பர் வாசிக்க அது போதும் என்றாள்.

ஒரு வேடிக்கையும் நடந்தது. கம்பியூட்டரோடு முதல் தடவை இணைக்கும்போது, "இந்தக் கம்பியூட்டரை அனுமதிக்கலாமா" என்று போன் கேட்கும். அனுமதிக்கிற பட்டன் சரியாக அந்தச் செத்த பட்டைக்குள்ளே வந்து நின்றது! கொஞ்ச நேரம் முழிச்சுவிட்டு, போனைப் படுக்கைவாக்கில் திருப்பினோம். பட்டன் நடுவுக்கு வந்தது.

இப்போ சண்டைக்கு வருவோம்.

மேலே 220 புள்ளி வீணாகப் போனதே, கீழே மட்டும் வெட்ட முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். முடிந்தது, ஒரு காலத்தில். அதே டபிள்யூஎம் கட்டளைக்குள் ஓவர்ஸ்கேன் என்று ஒன்று இருந்தது. இடது, மேல், வலது, கீழ் என்று நாலு இலக்கம் கொடுத்தால், எந்த ஓரத்தையும் தனியாக ஒதுக்கிவிடலாம். உடைஞ்ச திரைக்கென்றே செய்து வைத்த மாதிரி. 2020இல் வந்த ஆண்ட்ராய்ட் 11இல் அதை எடுத்துவிட்டாங்க. அதே 2020 மார்ச்சில்தான் இலங்கையில் பள்ளிக்கூடங்களை மூடி, "எல்லாரும் போனில் படியுங்க" என்று சொன்னாங்க. ரெண்டுக்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஓவர்ஸ்கேனை எடுத்தவங்களுக்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் இருந்திருக்கும். ஆனால் அந்த மேசையைச் சுத்தி உட்கார்ந்திருந்தவங்களில், அடிப்பக்கம் செத்த போனில் பரீட்சைக்குப் படிக்கிற ஒரு பிள்ளையைத் தெரிஞ்சவங்க எத்தனை பேர் இருந்திருப்பாங்க?

இன்னொன்று. ரெசலூசனை மாத்துவது ஏதோ கள்ள வேலை, போனைக் கெடுக்கும் வேலை என்று பயமுறுத்துறாங்களே, 2017இல் வந்த சாம்சுங் கேலக்சி எஸ் 8ஐ எடுத்துப் பாருங்க. திரையில் இருந்தது 2960 புள்ளி உயரம். பெட்டியைப் பிரிக்கும்போது அது ஓடினது 2220இல். கம்பனியே குறைத்து வைத்து வித்தது. கூட்டணுமா குறைக்கணுமா என்று மாத்திக்கொள்ள, செட்டிங்ஸில் அழகான ஒரு பொத்தானும் வைத்தது. அதாவது விலை கூடின போன்காரருக்கு அது ஒரு வசதி. நம்ம கைக்கு வருகிற மலிவு போன்களில் பெரும்பாலும் அந்தப் பொத்தான் கிடையாது, நாம கறுப்புத் திரையில் அதே வேலையைச் செய்தால் அது "ஹேக்கிங்". அவங்க செய்தா அமைப்பு, நாம செய்தா சேட்டை.

போன் இழுக்குது, ஸ்ட்ரக் ஆகுது என்று சொல்லி மாத்துறவங்களும் இருக்காங்க. அதையும் முயற்சி பண்ணினோம். 1080எக்ஸ்1920 என்றால் ஒவ்வொரு தடவையும் 20 லட்சத்து 73 ஆயிரத்துச் சொச்சம் புள்ளியைப் போன் வரையணும். 720எக்ஸ்1280 ஆக்கினால் 9 லட்சத்து 21 ஆயிரத்துச் சொச்சம். பாதிக்கும் குறைவு. கேம் விளையாடும்போது வித்தியாசம் தெரியும். ஆனால் ரேம் கூடாது, மெமரி கூடாது, டேட்டா வேகம் ஒரு துளியும் கூடாது. சிக்னல் இல்லாத லயத்துக்கு இந்தக் கட்டளை சிக்னல் கொண்டுவராது. அப்படி யாராவது யூடியூபில் சொன்னால் நம்பாதீங்க.

அந்த முதல் முயற்சியில் நாங்கள் சைஸைக் குறைத்துவிட்டு டென்சிட்டியை 480இலேயே விட்டுவிட்டோம். ஐகன் ஒவ்வொன்றும் சோத்துத் தட்டு அளவுக்கு வந்து நின்றது, பட்டனெல்லாம் திரைக்கு வெளியே ஓடிவிட்டது. அகலத்தை மூன்றில் ரெண்டாக்கினால் டென்சிட்டியையும் மூன்றில் ரெண்டாக்கணும், 480 என்றால் 320. கூட்டாளியின் போன் என்பதால் வியர்த்துக் கொட்டியது. போனை ஓஃப் பண்ணிப் போட்டாலும் போகாது, கட்டளை அப்படியே நிற்கும். பிறகுதான் சைஸ் என்பதற்குப் பின்னால் ரீசெட் என்று அடித்தால் பழையபடி வந்துவிடும் என்று கண்டுபிடித்தோம். டென்சிட்டிக்கும் அதே ரீசெட். இந்த ஒரு சொல்லை முதலில் மனப்பாடம் பண்ணிவிட்டு மற்றதில் கை வையுங்க.

தமிழ் வாசிக்கிறவங்களுக்கு இதில் தனியாக ஒரு கவலையும் உண்டு. ரெசலூசனை ரொம்பக் குறைத்து எழுத்தையும் சிறுசாக்கினால், ஆங்கிலம் ஓரளவு தாக்குப்பிடிக்கும். தமிழில் முதலில் போவது மெய்யெழுத்தின் புள்ளி. அடுத்தது ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் உள்ள வித்தியாசம். "கோடு" "கொடு" ஆகிவிடும். கேத்திர கணித வினாவில் அது சின்ன விசயமில்லை. எவ்வளவு குறைக்கலாம் என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கும் கணக்கெல்லாம் ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதினது. நம்ம எழுத்துக்கு எது போதும் என்று நாமதான் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்கணும்.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். ஓ.எல்.லில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் என்று ஒரு பாடம் இருக்கு. பணிசெயல் முறைமை என்ற பகுதியில் கட்டளை வரி இடைமுகம், வரைவியல் பயனர் இடைமுகம் என்று ரெண்டையும் படித்தோம். வித்தியாசம் எழுதச் சொன்னால் எங்களில் பாதிப்பேர் இன்றைக்கும் கடகடவென்று எழுதுவோம். ஆனால் அந்தக் கட்டளை வரியில் ஒரே ஒரு சொல்லை அடித்துப் பார்த்தவங்க எங்களில் ஒருத்தரும் இல்லை, அந்த இஸ்தோப்புச் சாயங்காலம் வரைக்கும். நீந்தத் தெரியாமலே நீச்சலைப் பற்றி ஏ சித்தி எடுத்த ஆட்கள் நாங்கள். தொகைமதிப்புத் திணைக்களம் கணினி அறிவை நகரம், கிராமம், தோட்டம் என்று பிரித்துக் கணக்கெடுக்கும்போது தோட்டம் கடைசியில் வருது. அதைப் பார்த்து உச்சுக் கொட்டுறவங்க, அந்த அறிவென்று எதை அளக்கிறாங்க, எதைக் கற்றுக்கொடுக்கிறாங்க என்பதையும் கொஞ்சம் பார்க்கணும்.

நம்ம ஆட்களிடமும் ஒரு பயம் ஊறிப்போய்க் கிடக்கு. கறுப்புத் திரை, ஆங்கிலச் சொல், "இதுல கை வச்சா என்னமோ ஆயிடும்". அந்தப் பயம் எங்கிருந்து வந்ததுன்னு எங்களுக்குத் தெரியும். 1948இல் பிரஜாவுரிமை பறிபோன பிறகு, தான் இங்கேதான் இருந்தேன் என்று நிரூபிக்க விளங்காத மொழியில் எழுதின பாரத்துக்கு முன்னால் கைநாட்டு வைத்து நின்ற தாத்தாமாரின் பேரப்பிள்ளைகள் நாங்கள். எழுத்துப் பிழைக்கு என்ன விலை என்று அந்தப் பரம்பரைக்குத் தெரியும். ஆனால் இங்கே எழுத்துப் பிழை விட்டால் போன், "இப்படி ஒரு கட்டளை எனக்குத் தெரியாது" என்று சொல்லும், அவ்வளவுதான். திரும்ப அடிக்கலாம். கச்சேரி கிளாக்கர் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

இதை வாசித்துவிட்டுச் சில தோழர்கள் கேட்பாங்க. இப்பவே கேட்டுவிட்டாங்க. "உடைஞ்ச போனோட சமாளிச்சு வாழப் பழக்குறீங்களா? தோட்டத்துப் பிள்ளைக்கு நல்ல போன் வேணும்னு கேட்கிறத விட்டுட்டு ஒட்டுப்போடச் சொல்லிக் குடுக்கிறீங்களா?"

நியாயமான கேள்வி. முக்கால் திரையில் படிப்பது பெருமை இல்லை. நிவாரணமென்று டப் ஒன்றைக் கொடுத்து, அதைக் கையில் பிடிக்கச் சொல்லிப் படமெடுத்துக்கொண்டு போனவங்களும் இதே மாதிரிதான் நினைக்கிறாங்க, "இருக்கிறதை வச்சுச் சமாளிப்பாங்க" என்று. அவங்களுக்கு நாங்கள் சாட்சி சொல்லத் தயாரில்லை. சம்பளமும் கேட்போம், லயத்துக்குச் சிக்னலும் கேட்போம், மலிவாக உதிரிப் பாகமும் கேட்போம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு போனின் விற்பனையை நிறுத்தின பிறகும் 7 வருசத்துக்கு அதன் உதிரிப் பாகம் கிடைக்கும்படி கம்பனிகள் பார்த்துக்கொள்ளணும் என்று சட்டம். அங்கே அந்தச் சட்டத்துக்குத் தலையாட்டுற கம்பனிகளின் போனைத்தான் நாமளும் பாவிக்கிறோம். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து ரெண்டு மூணு மாசத்தில் 360க்கு ஏறினபோது, டிஸ்ப்ளே விலை ஏறினதை யாரும் தடுக்கவில்லை.

ஆனால் சட்டம் வரும் வரைக்கும் அந்தத் தங்கச்சி ஸ்பேஸ் இல்லாமல் எழுதிக்கொண்டிருக்க வேணுமா? பரீட்சை ஆகஸ்டா நவம்பரா என்று திணைக்களம் சொல்லும், அது சட்டத்துக்காகக் காத்திருக்காது. இன்னொரு விசயமும் இருக்கு. ஒரு பொருளின் உள்வேலை தெரியாதவன் அதைப் பற்றி உரிமை கேட்கும்போது, "உனக்கு என்ன தெரியும்" என்று ஒரே வார்த்தையில் அடக்கிவிடுறாங்க. ஓவர்ஸ்கேனை எடுத்துவிட்டாங்க, திருப்பிக் கொடுங்க என்று கேட்க, முதலில் அப்படி ஒன்று இருந்தது என்று தெரிஞ்சிருக்கணும்.

ஐ.சி.ரீ. படிப்பிக்கிற சேர்மார், டீச்சர்மாரிடம் ஒரு வேண்டுகோள். லேப் இல்லை, கரண்ட் இல்லை, பதினைந்து வருசப் பழைய மெசின் என்று நீங்கள் படும் பாடு தெரியும். ஆனால் ஆண்ட்ராய்ட் 11க்குப் பிறகு வந்த போன்களில் வயர்லெஸ் டிபகிங் என்று ஒரு வசதி இருக்கு. டேர்மக்ஸ் என்ற அப்பைப் போட்டு, அதற்குள் ஏடிபியை இறக்கினால், ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குக் கட்டளை கொடுக்கலாம். ரெண்டும் ஒரே வைஃபையில், அதாவது மூன்றாவது போன் ஒன்றின் ஹொட்ஸ்பொட்டில் இருந்தால் போதும். ஆறு இலக்கம் ஒன்று கேட்கும், அது மற்றப் போனின் திரையிலேயே தெரியும். கம்பியூட்டரே இல்லாமல் ஒரு வகுப்பு கட்டளை வரி பழகலாம். பாடப் புத்தகத்தில் ரெண்டு வரியாகக் கிடக்கும் பாடத்தை, ஒரு பாடவேளை பிள்ளைகள் கையால் செய்து பார்க்கட்டுமே. அதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதிச் சுவரில் ஒட்டும் வேலையை நாங்கள் செய்கிறோம்.

செய்து பார்க்கிறவங்களுக்குச் சில விசயம். செட்டிங்ஸில் பில்ட் நம்பர் என்ற இடத்தை ஏழு தடவை தட்டினால்தான் டெவலப்பர் ஒப்சன்ஸ் திறக்கும். ஏழாவது தட்டில், "நீங்கள் இப்போது ஒரு டெவலப்பர்" என்று போன் சொல்லும். கம்பஸில் நாலு வருசம் படிச்ச அண்ணன்மார் கோவிக்கக் கூடாது. உள்ளே யூஎஸ்பி டிபகிங்கை ஒன் பண்ணணும். வேலை முடிஞ்சதும் மறக்காமல் ஓஃப் பண்ணுங்க. அது திறந்து கிடந்தால் சில பேங்க் அப் வேலை செய்யாது, தெரியாத கம்பியூட்டரில் மாட்டுவதும் ஆபத்து. "இந்தக் கம்பியூட்டரை எப்போதும் நம்பு" என்ற பெட்டியில், அது உங்கள் சொந்தக் கம்பியூட்டராக இல்லாவிட்டால் சரி போடாதீங்க. கடையில் வேறு வேலைக்குப் போனைக் கொடுக்கும்போதும் இதைப் பாருங்க. சில கம்பனிப் போன்களில் இதோடு சேர்த்து இன்னொரு பாதுகாப்புச் சுவிட்சையும் போடச் சொல்லும், போடாவிட்டால் அனுமதி இல்லை என்று ஆங்கிலத்தில் நீளமாகத் திட்டும். பயப்பட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு முடிஞ்ச பிறகு நாங்கள் இஸ்தோப்பில்தான் இருப்போம். டச் செத்த போன் வைத்திருப்பவங்க கொண்டு வாங்க. ஓரம் செத்ததுக்கு வழி இருக்கு. இடது வலது ஓரம் என்றால் உயரத்துக்குப் பதிலாக அகலத்தைக் குறைக்கணும், டென்சிட்டியையும் பார்த்துக்கொள்ளணும். நட்ட நடுவில் செத்ததுக்கு எங்களிடம் ஒன்றுமில்லை. கேபிள் கொண்டு வரும்போது டேட்டா போகிற கேபிளாகப் பார்த்துக் கொண்டு வாங்க. சார்ஜ் மட்டும் ஏறுகிற மலிவுக் கேபிளில் கம்பியூட்டருக்குப் போன் தெரியவே தெரியாது. முதல் நாள் நாங்கள் ஒன்றரை மணித்தியாலம் அதோடதான் மல்லுக்கட்டிக்கொண்டு கிடந்தோம்.